வாங்கிய முடியும் வழங்கிய முடியும்

(தூத்துக்குடி மில்லர்புரத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அறக்கட்டளை இந்தக் கரைக்குப் புதிதல்ல. திருச்செந்தூர்க் கோயிலில் வரகுண மாராயன் பெயரில் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வைப்புத் தொகை 1,400 பொற்காசு. கொற்கை உள்ளிட்ட பல ஊர்களிடம் அதைப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் நிற்க வேண்டும். காசுக்கு ஆண்டுதோறும் 2 கலம் நெல் பொலியூட்டாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். அந்த நெல்லில் கோயில் செலவு நடக்கும். அம்பாசமுத்திரத்திலும் வரகுணன் பெயரில் இதே கணக்கு: 290 காசு, 580 கலம் நெல். இன்றைய வைப்புநிதி ரசீதுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆனால் எந்த ரசீதிலும், கையெழுத்திட்டவர் அப்போது எந்த ஊரில் படையோடு இருந்தார் என்ற விவரம் வராது. அம்பாசமுத்திரக் கல்லில் வருகிறது. தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாடியிட்டிருந்தபோது மன்னர் இந்த ஏற்பாட்டைச் செய்தாராம்.

பொருநைக்கரை நெல்லுக்கும் பெண்ணையாற்றுப் பாசறைக்கும் என்ன தொடர்பு? கோயில் கணக்குப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அரசனுக்கு இருந்தது. தன் கை எவ்வளவு தொலைவு நீளுகிறது என்பதைத் தன் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும். வரி கேட்கவும், வழக்குத் தீர்க்கவும், படைக்கு ஆள் கேட்கவும் அந்தத் தொலைவுதான் உரிமை தந்தது. இடைக்காலத்தில் பேரரசு என்பது நிலத்தில் இருந்ததைவிடச் சொல்லில் அதிகம் இருந்தது. அந்தச் சொல்லுக்குச் சான்றாக ஒரு பொருள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொருள் பெரும்பாலும் முடி; அதுவும் தன் தலைமுடியல்ல, அடுத்தவன் மணிமுடி.

இதற்கு வாகான ஏற்பாடு பழைய காலத்திலிருந்தே இங்கே தயாராக இருந்தது. சேரர், சோழர், பாண்டியர் என்று மூவர். அசோகனின் பாறைக் கட்டளைகளிலேயே இம்மூவரும், சதியபுதரும் உடன் வர, தனித்தனியே எண்ணப்படுகிறார்கள். அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. 985-இல் அரியணை ஏறிய முதலாம் ராஜராஜன் ‘மும்முடிச்சோழன்’ என்று பெயர் சூட்டிக்கொண்டான். மற்ற இரண்டு முடிகளும் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெயருக்குப் பொருளே இல்லை. மூன்று என்ற எண்ணை அழித்துவிட்டு மூன்றுக்கும் தலைவன் என்று சொல்லிக்கொள்ள முடியாதல்லவா?

சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. அதன் எதிரே இரண்டு கயல். கூடவே வில். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே குடை, இருபுறமும் கவரி. தோற்றவனுடைய மீனை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. தன் குடைக்கீழ் உட்கார வைத்தார்கள். பாண்டிய நாட்டை ஆள ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தன் மகனை அனுப்பியபோதும் இதே முறைதான். அவன் ‘சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன்’ ஆனான். சடையவர்மன், மாறவர்மன் என்று மாறிமாறி வரும் பட்டப்பெயர்கள் பாண்டியர் வீட்டுச் சொத்து. வீட்டைப் பிடித்தவன் வாசலில் பழைய உரிமையாளரின் பெயர்ப்பலகையையும் சேர்த்து மாட்டிக்கொண்டான். மதுரையில் அவனுக்காகக் கட்டிய மாளிகையின் பாரத்தைப் பூமியே தாங்கவில்லை என்று கல்வெட்டு பெருமையடிக்கிறது. பொதுப்பணித்துறை இப்போது அப்படி எழுதினால் விசாரணை வரும்.

ஆனால் உண்மையான முடி அதற்கு முன்னால் நூறு ஆண்டாகச் சோழருக்குக் கிட்டாமல் இருந்தது. இந்தக் கடற்கரையில் நின்று சொல்ல வேண்டிய கதை அதுதான்.

முதலாம் பராந்தகன் (907–955) மதுரையைப் பிடித்து ‘மதுரை கொண்ட’ என்று பெயரோடு சேர்த்துக்கொண்டான். தோற்ற பாண்டியன் ராஜசிம்மன் கடல் தாண்டி ஈழத்துக்குப் போனான். உதவி கிடைக்கவில்லை. தன் முடியையும் மற்ற அரச சின்னங்களையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டுச் சேர நாட்டுக்குச் சென்றான் என்கிறது இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம். நகரம் பராந்தகன் கையில். படை அவன் கையில். வரி அவன் கையில். மதுரையில் பாண்டியர் முறைப்படி முடிசூட வேண்டுமென்றால் மட்டும் முடி இல்லை. புதிதாக ஒன்று செய்துகொள்ளத் தஞ்சையில் தட்டாருக்குப் பஞ்சமா? செய்துகொள்ளவில்லை. அந்த முடியே வேண்டும் என்று இலங்கைக்கு ஆள் அனுப்பினான். அப்போது அங்கே அரசனாக இருந்த நான்காம் உதயன் மறுத்தான். சோழர் படை கப்பலேறியது. உதயன் முடியை எடுத்துக்கொண்டு தெற்கே ரோகணத்து மலைக்காட்டுக்குள் போய்விட்டான். படை வெறுங்கையோடு திரும்பியது. பராந்தகன் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ என்று பட்டத்தை நீட்டிக்கொண்டதோடு சரி.

இடையில் தலைகளை வைத்தும் ஒரு போட்டி நடந்தது. வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்று போட்டுக்கொண்டான்; அடுத்து சோழ இளவரசன் ஆதித்தன் ‘பாண்டியன் தலைகொண்ட’ என்று போட்டுக்கொண்டான். முடி மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது.

1017-ஐ ஒட்டி அது கிடைத்தது. ராஜேந்திரனின் படை ஈழத்தரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அவன் இங்கேயே இறந்தான். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி அந்தப் போரில் வந்த பொருள்களைப் பட்டியல் போடுகிறது: ஈழத்தரசன் முடி, அவன் தேவியரின் முடி, முன்பு பாண்டியன் அங்கே வைத்துப்போன முடி, இந்திரன் ஆரம். எவ்வளவு பொன், எத்தனை ஊர், எத்தனை யானை என்பது அந்த வரிகளில் பின்னுக்குப் போய்விடுகிறது. அரசன் என்பதற்கான அடையாளங்கள் முன்னால் நிற்கின்றன. இந்திரன் ஆரம் சாதாரண நகையல்ல. தங்கள் முன்னோர் தேவர் தலைவனிடமிருந்தே பெற்றது என்று பாண்டியர் சொல்லிக்கொண்ட மாலை.

இந்த ஆசை தமிழனுக்கு மட்டுமே உரியதன்று. 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிராங்கியர் அரசன் சார்லமேன் ரோமில் போப்பாண்டவர் கையால் முடிசூட்டிக்கொண்டு ரோமப் பேரரசன் ஆனான். உண்மையான ரோமப் பேரரசு கான்ஸ்டாண்டிநோபிளில் உயிரோடுதான் இருந்தது. அவர்கள் முகம் சுளித்தார்கள். 812-இல்தான் அவர்களுடைய தூதர்கள் சார்லமேனைப் பேரரசன் என்று வாழ்த்தினார்கள். 802-இல் கம்போடியாவில் இரண்டாம் ஜெயவர்மன் மகேந்திர மலையில் சடங்கு செய்து சக்கரவர்த்தி ஆனான். படை வென்ற பிறகும் ஒரு பழைய பெயரோ, ஒரு மலையோ, ஒரு முடியோ எல்லோருக்கும் தேவைப்பட்டது. பராந்தகனுக்கும் சார்லமேனுக்கும் இடையே இருப்பது கடல்தூரம் மட்டுமே.

முடி போகட்டும், முத்து என்ன ஆயிற்று?

தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் அதற்கு விடை உண்டு. சேரனையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து ராஜராஜன் கொடுத்த நகைகள் அங்கே ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. முத்தை ‘முத்து’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். நீரோட்டம் குளிர்ந்ததா சிவந்ததா என்றும் குறித்திருக்கிறார்கள். சலாபக் கரையில் சிப்பி பிளந்து, சல்லடையில் இட்டு, கண்ணருகே பிடித்துப் பார்த்துத் தரம் சொன்ன யாரோ ஒருவருடைய பேச்சு அந்தக் கல்லில் கேட்கிறது. அரசனின் வெற்றியை நாட்டுக்குச் சொல்லும் சுவர் அது. அதில் இரட்டை முத்தும் கறட்டு முத்தும் ஒளிக்கப்படவில்லை. கணக்கு நேர்மையாக இருந்தால்தான் புகழையும் நம்புவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மெய்க்கீர்த்திகளின் பெரும் சாமர்த்தியமே இதுதான்: மேலே ஆகாயம் அளக்கும் புகழ், கீழே குன்றிமணி பிசகாத எடை.

அதே முத்து சீனத்துக்கும் போயிற்று. 1015-இல் சோழ நாட்டுத் தூதர் 52 பேர் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருபதாயிரம் லியாங்குக்கு மேற்பட்ட முத்தும், முத்துப் பதித்த சட்டையும் தொப்பியும், யானைத் தந்தமும் சாம்பிராணியும் கொண்டுபோனார்கள். தஞ்சையில் அது நட்பும் வணிகமும். சீனத்துப் பதிவேட்டில் அது திறை. ஒரே மூட்டை முத்து இரண்டு பேரரசுகளின் பெருமைக்கும் பயன்பட்டது. இதைவிட வேடிக்கை பின்னால் நடந்தது. 1025-இல் ராஜேந்திரன் கடாரத்தை வென்றதாக இங்கே கல்வெட்டுகள் முழங்கின. 1106-இல் சீனத்தில், பகானிலிருந்து வந்த தூதரை எப்படி வரவேற்பது என்ற பேச்சு வந்தபோது சடங்குத்துறை பழைய கோப்பைப் புரட்டியது. சோழநாடு, கடாரம் அடங்கிய ஸ்ரீவிஜயத்துக்குக் கீழ்ப்பட்டது. ஆகவே அதற்கு எழுதும்போது முரட்டுக் காகிதமும் சாதாரண உறையும் போதும் என்று முன்பு வைத்திருந்தார்களாம். கடாரம் கொண்டானுக்குக் கடாரத்தின் கீழ் இடம்! பேரரசு என்பது எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

13-ஆம் நூற்றாண்டில் சக்கரம் திரும்பியது. திரும்பிய விதத்தில் அச்சு மாறவில்லை என்பதுதான் பார்க்க வேண்டியது.

சோழன் மூன்றாம் குலோத்துங்கன் மதுரைக்குள் நுழைந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை பூட்டி உழுது, வீராபிஷேகம் செய்துகொண்டான். பிறகு நாட்டைப் பாண்டியனிடமே திருப்பிக் கொடுத்தான். 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் அதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிச் செலுத்தினான். தஞ்சையும் உறந்தையும் எரிந்தன. அங்கேயும் கழுதை ஏர். சோழரின் முடிசூட்டு மண்டபம் இருந்த ஆயிரத்தளியில் அவனும் வீராபிஷேகம் செய்துகொண்டான். அடுத்துத் தில்லைக்குப் போய்க் கூத்தனை வணங்கினான்.

இடித்ததில் ஒரு மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தானாம். பட்டினப்பாலை பாடிய கண்ணனுக்குக் கரிகாலன் பரிசாகத் தந்த பதினாறுகால் மண்டபம் அது என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் சோழன் ஒருவன் புலவனுக்குத் தந்த பரிசைப் பாண்டியன் காத்தான் என்றால், அந்தச் சோழப் பழம்பெருமைக்கு இப்போது காவலன் யார்? வாளால் வாங்க முடியாத ஒன்றை அந்தப் பதினாறு கால்கள் வாங்கிக் கொடுத்தன. இந்தக் கதை எவ்வளவு நடந்தது, எவ்வளவு பாடப்பட்டது என்று கேட்டுப் பயனில்லை. ஒரு வென்ற அரசனைப் பற்றி இப்படிப் பாட வேண்டும் என்று அன்று தோன்றியதே பெரிய செய்தி.

அதன்பின் பொன்னமராவதியில் நடந்தது இன்னும் நுட்பம். நாடிழந்த சோழனும் மகனும் வந்து பணிய, அவர்களிடமே முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தான் சுந்தர பாண்டியன். போசளர் படை தலையிட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கல்லில் அந்த நெருக்கடியெல்லாம் வராது. ‘சோணாடு கொண்டருளிய’ என்றிருந்தவன் ‘சோணாடு வழங்கியருளிய’ ஆனான். கொள்பவன் வீரன், கொடுப்பவன்தான் சக்கரவர்த்தி. போசள நரசிம்மனும் இந்தப் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. அவன் ‘சோழராஜ்ய பிரதிஷ்டாபனாசாரியன்’, அதாவது சோழ அரசை நிலைநிறுத்திய ஆசான், என்று பட்டம் போட்டுக்கொண்டான். பாவம் சோழன்! ஒருவன் முடியைக் கொடுத்துப் பெரியவன் ஆனான், இன்னொருவன் அதைத் தலையில் நிறுத்திப் பெரியவன் ஆனான்.

கல்வெட்டு படிக்காதவனுக்கும் இது போய்ச் சேர்ந்தது, காசு வழியாக. ‘சோணாடு கொண்டான்’ என்ற எழுத்துப் பொறித்த பாண்டியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. ‘கச்சி வழங்கும் பெருமாள்’, ‘எல்லாந்தலையான்’ என்றும் காசுகள் உண்டு. சந்தையில் மீனுக்கும் மிளகுக்கும் கைமாறிய சில்லறையில் மெய்க்கீர்த்தியின் சாரம் இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது.

1251-இல் வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியனோடு பாண்டியர் புகழ் உச்சிக்குப் போனது. ‘எம்மண்டலமும் கொண்டருளிய’ என்பது அவன் பட்டம். வடக்கே நெல்லூரில் வீராபிஷேகம். திருவரங்கத்தில் விமானத்துக்குப் பொன் வேய்ந்தான். அந்தக் கோயிலின் வரலாறான கோயிலொழுகு அவனைப் பற்றிச் சொல்லும் கதை துறைமுகத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். இரண்டு படகு. ஒன்றில் யானைமேல் அரசன். அந்தப் படகு எவ்வளவு அமிழ்ந்ததோ அதே கோடு வரை அடுத்த படகும் அமிழும்வரை பொன்னும் மணியும் ஏற்றிக் கோயிலுக்குக் கொடுத்தானாம். சரக்கேற்றுகிறவன் கண்ணுக்கு அது துலாபாரமே அல்ல. கப்பலின் நீர்க்கோட்டுக் கணக்கு.

அவனுடன் ஆண்ட வீரபாண்டியன் ஈழத்தில் வென்று கோணமலையில் கயல் பொறித்ததாகக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. திருகோணமலைக் கோட்டை வாயிலில் இரண்டு மீன் செதுக்கிய கல்லை இன்றும் பார்க்கலாம். ஒருவன் ஆளும்போதே இன்னொருவனும் முழுப் பட்டத்தோடு ஆள்வது பாண்டியர் வழக்கம். வெளிநாட்டார் அவர்களை ஐந்து அண்ணன் தம்பி என்றார்கள். எல்லோரும் சடையவர்மன் அல்லது மாறவர்மன், பெரும்பாலும் சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன். கல்வெட்டு ஆய்வாளர்கள் நாள், நட்சத்திரம் கணக்குப் போட்டுப் போட்டு இவர்களைப் பிரித்தெடுக்கத் தலைமுறைகள் ஆயின.

மாறவர்மன் குலசேகரன் (1268–1308) காலத்தில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே, இன்று பழையகாயல் என்று பேருந்து நடத்துநர் கூவும் இடத்தை ஒட்டிய காயல் துறையில், ஓர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரை இறக்கிக்கொண்டிருந்தன. முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்றும், சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் போலோ எழுதினார். கரையில் அந்த மந்திரக்காரருக்குப் பெயர் கடல்கட்டி. மாபார் (இந்தக் கரைக்கு அயலார் இட்ட பெயர்) அரசனைப் பற்றி போலோ எழுதியது இன்னும் சுவை: மற்றவர்களைப் போலவே இடுப்பில் ஒரு துணி, கழுத்தில் மட்டும் முத்தும் மாணிக்கமுமாக 104 மணி கோத்த மாலை, நாள்தோறும் சொல்ல வேண்டிய செபத்தின் எண்ணிக்கைக்கு ஒன்றாக. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட முத்தை யாரும் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது, அரசனுக்கே விற்க வேண்டும் என்றும் கட்டளை. இந்திரன் ஆரத்தின் கதையைப் போலோவுக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஆனால் அவர் பார்த்தது அந்தக் கதையைத்தான்.

இப்போது பழைய முடிக்கதையின் மறுபாதி. 1284 வாக்கில் பாண்டியர் சார்பில் ஆரியச்சக்கரவர்த்தி என்ற தலைவன் இலங்கையில் யாப்பகூவாவைத் தாக்கி, புத்தரின் புனிதப் பல்லை எடுத்துவந்து குலசேகரனிடம் கொடுத்தான். அந்தப் பல் யாரிடம் இருக்கிறதோ அவனே இலங்கைக்கு அரசன் என்பது சிங்கள வழக்கு. பௌத்தர் அல்லாதாரை அரியணையில் ஏற்றக்கூடாது என்று பொலன்னறுவையில் கல்லில் எழுதி வைத்தவன் நிசங்கமல்லன் (1187–1196). அதே நிசங்கமல்லன் ராமேசுவரத்தில் தன் பெயரால் கோயில் எழுப்பித் துலாபாரம் செய்ததாகவும் சொல்லிக்கொண்டான். பாண்டிய நாட்டில் தன் சுவடு இருக்க வேண்டும். தன் நாட்டில் பாண்டியன் சுவடு இருக்கக்கூடாது! நூறு ஆண்டுக்குள் நிலைமை தலைகீழாகி, இலங்கை அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டியன் அவைக்கு வந்து, நயந்து பேசி, பல்லைப் பெற்றுக்கொண்டு போனான்.

பத்தாம் நூற்றாண்டில் பாண்டியன் முடி இலங்கையில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலங்கையின் பல் பாண்டியனிடம். மன்னார் வளைகுடாவின் இரு கரையும் ஒன்றின் உயிரை ஒன்று மடியில் கட்டி வைத்துக்கொண்டிருந்தன. குலசேகரன் பல்லைத் திருப்பிக் கொடுத்ததை இரக்கம் என்று கொள்ள வேண்டியதில்லை. பொன்னமராவதிப் பாடம் அது. தன்னிடம் வந்து வாங்கிப்போனவன் ஆண்டாலே போதும், தான் பேரரசன்.

குலசேகரன் இறந்தபின் அவன் மகன்களின் சண்டையும் 1311-இல் மாலிக் காபூர் படையெடுப்பும் அந்தப் பெருமையைக் கலைத்தன. ஆனால் கருத்து கலையவில்லை. வேணாட்டு ரவிவர்ம குலசேகரன் ஓரிரு ஆண்டுக்குள் காஞ்சி வேகவதிக் கரையில் முடிசூட்டிக்கொண்டான். இருநூறு ஆண்டு கழித்து, 1532-இல், விஜயநகரத்து அச்சுதராயன் படை பொருநைக் கரையில் வெற்றித்தூண் நட்டது. பாண்டியனை மீண்டும் அமர்த்தி அவன் மகளை ராயர் மணந்தார். அதே பத்தாண்டுக்குள் இதே கரையில் பரதவர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றார்கள். லிஸ்பன் அரசனுக்குப் பொருநைத் தூணைப் பற்றிக் கவலையில்லை; முத்துப்பார்மேல்தான் கண்.

மில்லர்புரத்திலிருந்து கொற்கை அதிக தூரமில்லை. திருச்செந்தூர் போகிறவர்கள் அடுத்த முறை ஏரல் பக்கம் திரும்பி ஒரு மணி நேரம் செலவிடலாம். வயலும் வாழையும் குளமும் வெற்றிவேலம்மன் கோயிலும் இருக்கும்; கடல் இராது, அது கிழக்கே பின்வாங்கி வெகுகாலம் ஆகிறது. பக்கத்து ஊரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். அக்கசாலை என்பார்கள். காசு அடித்த பட்டறைக்குப் பழைய தமிழில் அதுதான் பெயர்.